வக்கீல்களுக்கும் வகுப்பு வேண்டும்

தங்கவயல் தொழிலாளிக்குக் கோர்ட்டும் வக்கீலும் புதிதல்ல. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் தொழிற்சங்கங்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடின. சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று விடியுமுன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் போய் நிற்பது வக்கீலிடம்தான். அந்த வக்கீலுக்கு இன்றைய சட்டம் தெரியுமா?

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. 1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டமும் போயிற்று. வேலைநீக்கப்பட்டவர், சமரசம் பலிக்காவிட்டால், நேரே மனுச் செய்ய அதில் மூன்று ஆண்டு கெடு இருந்தது. இப்போது தகராறைச் சமரச அதிகாரியிடம் கொண்டுபோகவே இரண்டு ஆண்டுதான் கெடு. பழைய புத்தகத்தைப் புரட்டி, "இன்னும் நாள் இருக்கிறது, பிறகு வா" என்று அனுப்பும் வக்கீல் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடுகிறார். அனுகூலமும் உண்டு. குறித்த கால வேலைக்கு நிர்வாகமே நேரடியாக அமர்த்தியவருக்கு ஐந்தாண்டு காத்திராமல் ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. கேட்கத் தெரிந்தால்தானே கிடைக்கும்?

கிரிமினல் சட்டங்களும் 2024 ஜூலை முதல் தேதி மாறிவிட்டன. சினிமா பார்ப்பவர்களுக்கெல்லாம் மனப்பாடமான 302 இப்போது 103. 420 இப்போது 318.

நீதிபதிகளுக்குப் போபாலிலும் பெங்களூரிலும் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. ரயில் ஓட்டுகிறவருக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி உண்டு. வக்கீலுக்கோ, 2011-ல் தொடங்கிய அகில இந்திய பார் தேர்வை ஒருமுறை தாண்டினால் போதும். அதற்கு முந்தியவர்களுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1975-லேயே தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. மூன்று ஆண்டில் 45 மணி நேரம். சிங்கப்பூரும் 2012-ல் அந்த வழிக்கு வந்தது.

டாக்டர் தவறினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீல் மீது அப்படிப் போக முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. கட்சிக்காரருக்கு அந்தக் கதவு அடைபட்டபின், வக்கீல் படிப்பதைக் கட்டாயமாக்குவது பார் கவுன்சிலின் பொறுப்பல்லவா?

சிற்றூர் வக்கீல்களின் வருமானம் தெரிந்ததே. ஒருநாள் வகுப்புக்காகப் பெங்களூர் போனால் அன்றைய வாய்தாவும் போச்சு, பீசும் போச்சு. எனவே வகுப்பு ராபர்ட்சன்பேட்டைக்கு வரவேண்டும்; சனிக்கிழமை மாலையில், ஜூனியர்களிடம் கட்டணம் வாங்காமல். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கட்டும். தமிழில் விளக்கிச் சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சங்கங்களும் சும்மா இராமல் மாநில பார் கவுன்சிலுக்கு மனுப் போடவேண்டும்.

புதிய சட்டம் அமலான அன்று வேலை இழந்தவருக்கு 2027 நவம்பரில் கெடு முடிகிறது. முதல் வகுப்பு அதற்கு வெகு முன்னதாகவே நடந்தாக வேண்டும்.