ஒரு பருப்பு, ஒரு கீரை போதும்

“சைவச் சமையலா? ஒரே வேலை!” என்று அலுத்துக்கொள்பவர்கள் மனதில் இருப்பது கல்யாணப் பந்தி. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் என்று இலை நிரம்ப வேண்டும் என்ற நினைப்பே பலரை அடுப்படிப் பக்கம் போகவிடாமல் செய்கிறது. அன்றாடத்துக்கு அவ்வளவு எதற்கு? சோறு, துவரம்பருப்பு, ஒரு கீரை போதாதா? அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டுகிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள, எலுமிச்சம்பழ ரசமோ நெல்லிக்காய்ப் பச்சடியோ துணைக்கு வரும். நுணுக்கங்களும் அதிகமில்லை. பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் குழையும். புளியை அது வெந்த பிறகுதான் விட வேண்டும். முன்பே விட்டால் புளிப்பு பருப்பை வேகவிடாது. கீரையை மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. ரசம் நுரைத்து வந்ததும் இறக்கிவிடலாம், தளதளவென்று கொதிக்கக் கூடாது. எளிய சமையலை நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் ஆறு வகை என்றால் அது பெரும்பாலும் அம்மாவின் தலையிலோ மனைவியின் தலையிலோதான் விழுகிறது. பருப்பும் கீரையும் என்றால், வேலைவிட்டு முதலில் வீடு திரும்புபவர் யாரானாலும் உலை வைத்துவிடலாம். பந்திச் சாப்பாடு பண்டிகைக்கு இருக்கட்டும். மற்ற நாட்களில் வகைகளைக் குறைப்போம், சமைக்கும் கைகளைக் கூட்டுவோம்.