முதுமையில் மலர்ந்த கலை

நடிப்புத் தொழிலில் இளமைக்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை என்பர் பலர். அதிலும் பெண்பாலர்க்கு, இளமை கழிந்தால் அரங்கின் கதவும் அடைபடும் என்பது உலகம் கண்ட வழக்கு. இவ்வழக்கிற்கு மாறாக, நாற்பத்தைந்தாம் வயதில் புகழின் உச்சியை அடைந்து, அறுபது கடந்த பின்னும் அப்புகழ் குன்றாது விளங்கிய கலைச்செல்வி ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். இயற்கை அளித்த குரல்வளமே அவருடைய நெடிய கலை வாழ்விற்குக் காரணம் என்று கூறுவாருளர். அக்கூற்று முழுதும் பொருந்தாது என்பது என் கருத்து. மேடையில் பெற்ற சொற்பயிற்சியும், தம் கலைக்குத் தாமே வகுத்துக்கொண்ட வரம்புமே அவரை உயர்த்தின.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். ஆதலின் சிறுமியாய் இருந்தபோதே நாடக மேடை ஏற நேர்ந்தது. அந்நாளைய மேடை எத்தகையது என்பதை இக்கால மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாடகங்கள் இரவு முழுதும் நடைபெற்றன. ஒலிபெருக்கி இல்லை. முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் செல்வர்க்கும், கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருக்கும் உழவர்க்கும் சொல் சிதையாமல் சென்று சேரவேண்டும். சேராவிடில் மறுநாள் கொட்டகை நிறையாது. குரலை உயர்த்துவது மட்டும் இதற்குப் போதாது. லகர, ழகர, ளகர வேறுபாடு தெளிவுறத் தோன்ற, சொல்லின் பொருளுணர்ந்து பாடவேண்டும். சுந்தராம்பாள் இக்கலையைக் கற்ற பள்ளி நாடக மேடையே ஆகும்.

அக்காலத்தில் இசையால் பெரும்புகழ் பெற்றிருந்த நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா. இலங்கையில் 1926ஆம் ஆண்டு இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். மறு ஆண்டு மணம் புரிந்துகொண்டனர். ஆயின் 1933ஆம் ஆண்டு, தம் இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. அன்று முதல் அவர் வெண்ணிற ஆடையே உடுத்தினார். எந்த நடிகர்க்கும் காதற்றுணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

கைம்மை நோன்பைப் போற்றுவதற்காக இதனை ஈண்டு எடுத்துரைத்தேன் அல்லேன். கணவனை இழந்த பெண் வீட்டின் மூலையில் ஒதுங்கியிருத்தல் வேண்டும் என்பது அக்காலச் சமூகம் இட்ட கட்டளை. சுந்தராம்பாளோ வீட்டினுள் ஒடுங்கிவிடவில்லை. மீண்டும் மேடைக்கு வந்தார். விடுதலை இயக்க மேடைகளிலும் பாடினார். ஊர் வகுத்த எல்லையைத் தாண்டித் தம் எல்லையைத் தாமே வகுத்தார். பிறர் சுமத்தும் வரம்பு விலங்காகும். தாமே தேர்ந்துகொள்ளும் வரம்பு கரையாகும். கரையுள்ள ஆறே நெடுந்தொலைவு ஓடும் அன்றோ?

காதற் பாத்திரங்களை விலக்கியவர்க்கு வேறு என்ன வேடம் கிட்டும் என்று ஐயுறலாம். ‘நந்தனார்’ படத்தில் 1935ஆம் ஆண்டு அவர் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். நடிகையரைக் கூத்தாடிகள் என்று பலரும் இழித்துரைத்த காலத்தில், தம் உழைப்பின் மதிப்பை அறிந்து பெற்ற ஊதியம் அது. பின்னர் 1951ஆம் ஆண்டு சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் ஆனார். இழித்துரைத்த உலகமே அவருக்கு இருக்கை அளித்தது.

ஔவையார் இளமையை வேண்டாது முதுமையை விரும்பிப் பெற்றார் என்பது நாம் அறிந்த கதை. ஜெமினி நிறுவனத்தார் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில் அம்மூதாட்டியாகத் தோன்றியபோதுதான் சுந்தராம்பாளின் கலை முழுமையுற மலர்ந்தது. அதன்பின் ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) எனத் திரைப்பணி தொடர்ந்தது. ‘துணைவன்’ படப் பாடலுக்காக, 1969ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது. இளமை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பார்க்கு இவ்வாண்டுகளே விடை கூறும்.

‘அவர் பாடினாரேயன்றி நடித்தாரா? எங்கும் முதியவள் வேடந்தானே?’ என்று வினவுவாரும் உளர். செவியைக் கூர்மையாக்கிக் கேட்பின் வேறுபாடு விளங்கும். நந்தனாரின் குரலில் ஏக்கம் ஒலிக்கும். சினந்து பழனி சென்ற முருகனைத் தேற்றும் ஔவையின் குரலில் தாயின் பரிவும் ஆசிரியரின் உரிமையும் கலந்து ஒலிக்கும். கவுந்தியடிகளின் குரலில் துறவின் உறுதி நிற்கும். முகத்தாலும் உடலாலும் நடிப்பது ஒருவகை. சொல்லால் நடிப்பது மற்றொரு வகை. பின்னதில் அவருக்கு நிகராவார் மிகச் சிலரே.

சுந்தராம்பாள் 1980ஆம் ஆண்டு மறைந்தார். இக்காலத்தில் ஒலிபெருக்கி மெல்லிய குரலையும் பெரிதாக்கித் தருகின்றது. ஆயின் குழறிய சொல்லைத் திருத்தித் தரும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனைத் திருத்தும் பொறுப்பு நம்முடையதே. மாணவர்களே, வகுப்பில் ஒரு பாடத்தை வாய்விட்டுப் படிக்கும்பொழுதும், கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கு ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகச் சென்று சேரும்படி படியுங்கள். வளரும் வயது தேய்வு அன்று. பயிற்சியுடையார்க்கு அது முதிர்ச்சியே ஆகும். இதற்குச் சுந்தராம்பாளின் கலை வாழ்வு சான்று.