பாசித் தொட்டியில் தங்கியிருக்கும் கடலட்டைப் பண்ணை

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கடலோரங்களில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. வலை அடைத்து, காவல் கொட்டில் போட்டு, கடனும் பட்டுக் காத்திருக்கும் பண்ணையாளரின் கேள்வி ஒன்றுதான்: குஞ்சு எப்போது கிடைக்கும்? பொரிப்பகக் குஞ்சு கிடைக்காதபோது கடலில் உள்ள சிறிய அட்டைகளைப் பிடித்துப் பண்ணையில் விடுகிறோம். அவை வளர்ந்து கடலில் இடவேண்டிய முட்டைகளையும் சேர்த்தே அள்ளிவிடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

தட்டுப்பாட்டுக்குக் காரணம் முட்டைக் குறைவு அல்ல. நன்கு முதிர்ந்த ஒரு பெண் வெள்ளை அட்டை ஒரே தடவையில் பத்து இலட்சத்துக்கு மேல் முட்டையிடக்கூடும். அவற்றில் மிகச் சிலவே குஞ்சாகத் தேறுகின்றன. எத்தனை தேறும் என்பதை முதல் நாட்களின் தீனியே பெரிதும் தீர்மானிக்கிறது.

கருக்கட்டிய இரண்டாம் நாளளவில் ஓரிகுலேரியா எனும் குடம்பி இரையெடுக்கத் தொடங்கும். நீரில் மிதக்கும் நுண்பாசியே அதன் உணவு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அது டோலியோலேரியாவாக மாறும். அந்த நிலையில் அது எதையும் உண்பதில்லை. முன்னர் சேர்த்த கொழுப்பிலேயே உயிர் வாழும். பின்னர் பென்டக்டுலாவாகித் தட்டுகளில் படிந்து, அங்கு வளர்ந்துள்ள பாசியை மேயும். ஆரம்பத்தில் பட்டினி கிடந்த குடம்பி, படியும் கட்டத்தில் மடிந்துபோகும். அப்போது எவ்வளவு தீனி போட்டும் பயனில்லை.

பொரிப்பகம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. பாசி தயாராகும் முன் அட்டையை முட்டையிடத் தூண்டாதீர்கள். குப்பியிலிருந்து தொட்டி அளவுக்குப் பாசியைப் பெருக்க நாட்கள் பல எடுக்கும். ஒரே பாசியை நம்பாமல் ஐசோகிரைசிஸ், கீட்டோசெரஸ் இரண்டையும் வளருங்கள். கீட்டோசெரசுக்குச் சிலிக்கேற்றும் தேவை. தொடக்கத்தில் ஒரு மில்லிலீற்றர் நீருக்கு 20,000 கலங்கள் போதும். வளர வளர 40,000 வரை உயர்த்தலாம். அதிகம் கொட்டினால் எஞ்சிய பாசி அடியில் அழுகி, பற்றீரியா பெருகும். முதிர்ந்து நிறம் மங்கிய பாசியைத் தவிருங்கள். ஒவ்வொரு நாளும் நுணுக்குக்காட்டியில் குடம்பியின் குடலைப் பாருங்கள். அது நிறைந்திருக்கிறதா என்பதே தீனியின் அளவைச் சொல்லும்.

இது புதிய வித்தையும் அல்ல. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே தூத்துக்குடியில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. முறை தெரிந்ததுதான்; அதை நாள் தவறாமல் செய்யும் பயிற்சி பெற்ற கைகளும், கலப்பில்லாத பாசி வித்துமே வேண்டும்.

எனவே நெக்டாவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தூய பாசி வித்தை எல்லாப் பொரிப்பகங்களுக்கும் தடையின்றி வழங்க வழிசெய்ய வேண்டும். கரையோர இளைஞர், யுவதிகளுக்குப் பாசி வளர்ப்பில் முறையான பயிற்சி கிடைக்க வேண்டும். விரிவாக்க உத்தியோகத்தர்கள் பண்ணைக்குச் செல்வதுபோலப் பாசி அறைக்கும் செல்ல வேண்டும்.

பண்ணையாளர்களே, குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். எந்தப் பாசி கொடுத்து வளர்த்தார்கள் என்றும் கேளுங்கள். பாசி அறையைக் காட்டத் தயங்கும் பொரிப்பகத்தில் முற்பணம் கட்டுமுன் ஒருமுறை யோசியுங்கள்.