சாவி எங்கே?

தோழனே!

நாளேட்டைப் பிரிக்கிறாய்; வங்கியின் ஏல அறிவிப்பு கண்ணில் படுகிறது. நல்ல வீடு, விலையோ ஊர் விலையிலும் குறைவு. வாங்கிப் போட்டால் வாடகை வரும், வைத்திருந்து விற்றால் லாபம் வரும் என்று கணக்குப் போடுகிறது மனம். அந்தக் கணக்கிலே ஒன்றை மறந்துவிட்டாயே! அந்த வீட்டு அடுப்பில் இன்னும் உலை கொதிக்கிறது.

2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், நீதிமன்றம் ஏறாமலே அடமான வீட்டைக் கைப்பற்றும் உரிமையை வங்கிகளுக்கு வழங்கிற்று. 60 நாள் அறிவிப்பு; கடன் தீராவிட்டால் கதவிலே ஓர் அறிக்கை. அதற்குப் பெயர் சுவாதீனம்! காகிதம் வங்கியிடம், சாவி குடியிருப்பவரிடம். அந்த நிலையிலேயே ஏலம் போடுவதும் உண்டு. "உள்ளது உள்ளபடி" என்றொரு வரியும் இருக்கும். வரி பாக்கி, மின் கட்டண நிலுவை, வெளியேற மறுக்கும் குடித்தனம் அனைத்தையும் உன் தலையில் கட்டவே அந்த வரி!

ஏலம் உனக்கு முடிந்தால் 25 விழுக்காட்டை அன்றோ, மறு வேலைநாளிலோ கட்டவேண்டும். மிச்சத்தை, விற்பனை உறுதியான 15 நாளில். வங்கி இசைந்தாலும் 3 மாதத்துக்கு மேல் அவகாசமில்லை. தவறினால் கட்டிய பணம் பறிபோகும். அது சரியே என்றது உச்சநீதிமன்றம், 2024-ல்.

சாவிக்குக் கெடு இல்லையா? உண்டு! வங்கி மனுச் செய்தால் மாவட்ட நடுவர் 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவிட வேண்டும். ஆனால் அந்தக் கெடு கட்டாயமல்ல என்று 2020-ல் கூறியதும் அதே உச்சநீதிமன்றந்தான். உனக்கு இரும்புக் கெடு. சாவிக்கு இழுபடும் கெடு! இடையிலே கடனாளி கடன் மீட்புத் தீர்ப்பாயம் செல்வார். அடமானத்துக்கு முன்பே முறையாக வாடகைக்கு வந்தவர் இருந்தால், அவரை எளிதில் அகற்றவும் முடியாது. உன் பணம் முடங்கும், வட்டி வளரும்.

உள்ளே இருப்பவர் உன் பகைவரா? தொழில் நொடித்தவர், போக்கிடம் அறியாதவர். நீயோ சேமிப்பைத் திரட்டி வந்தவன். எளியவர் இருவரை வாசலிலே மோதவிட்டு, பணத்தோடு விலகி நிற்கிறது வங்கி! இதுவா நீதி?

குடியிருப்போர்க்கு மாற்றிடம் தேட அவகாசம் தரட்டும்; சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏலம் கூறட்டும். சட்டம் அப்படித் திருந்தவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அதுவரை, தோழனே, ஏலம் கேட்குமுன் அந்தத் தெருவுக்குப் போ. கதவைத் தட்டு. திறப்பவர் முகத்தைப் பார். பிறகு சொல், அந்த விலை மலிவுதானா என்று!