ரத்தத்தில் உப்புக் குறைந்தால்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. ஆனால் ரத்தத்தில் உப்புக் குறைந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னவுடனே, அடுக்களைக்குள் ஓடி உப்பு ஜாடியைத் திறந்துவிடலாமா? கூடாது என்று சொல்லவே இவ்வாரம் பேனாவை எடுத்தோம்.

க்ஷயரோகம் நுரையீரலோடு நின்றுவிடும் என்பது பலருடைய எண்ணம். சில சமயம் அதன் கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுகின்றன. கல்லீரல், மண்ணீரல், மூளையின் உறை ஆகியவற்றிலும் தினையரிசியைத் தூவினாற்போல் சிறு மணிகள் தோன்றுகின்றன. இவ்விதம் நோய் பரவியவர்களில் பலருக்கு ரத்தத்திலுள்ள ஸோடியம் என்னும் உப்புச் சத்து தாழ்ந்து போகிறது. ஒரு லிட்டர் ரத்தநீரில் அது 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் இறங்கினால் தலைவலி, குமட்டல், அயர்வு, பிதற்றல். முற்றினால் வலிப்பும் நினைவிழப்பும் உண்டாகும். வீட்டாரோ, "காய்ச்சல் களைப்பு, தூங்கட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

உப்புக் குறைவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ரசத்தில் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டினால் உப்புச் சப்பில்லாமல் போகிறதல்லவா? உப்பு எங்கும் போய்விடவில்லை, தண்ணீர் மிகுந்துவிட்டது. நீரை வெளியே விடாமல் உடம்பில் நிறுத்தி வைக்கும் ஹார்மோன், நோயின் தூண்டுதலால் அளவுக்கு மீறிச் சுரந்தால் ரத்தத்திலும் இதுவே நேர்கிறது. அப்போது பருகும் நீரைக் குறைப்பதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை.

மற்றொரு காரணம் முற்றிலும் வேறு. சிறுநீரகங்களின்மேல் குல்லாய் வைத்தாற்போல் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை கெட்டால் வரும் வியாதியை 1855-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி வைத்தியர் தாமஸ் அடிஸன் விவரித்து எழுதினார். அச்சுரப்பிகளை க்ஷயம் அரித்துவிட்டால், உப்பு சிறுநீரோடு வெளியேறும், மேனி கறுக்கும், ரத்த அழுத்தம் தாழும். இவருக்கு ஹார்மோன் மருந்தும் உப்பு நீரும் கொடுத்தாக வேண்டும். தண்ணீரைக் குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து!

க்ஷயத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிஸின் என்ற மருந்து, இச்சுரப்பிகள் தரும் கார்ட்டிஸால் என்னும் ஹார்மோனை விரைவில் சிதைத்துவிடும். ஆகையால், சுரப்பி நலிந்த சிலருக்குச் சிகிச்சை ஆரம்பித்த பிறகே இத்தொல்லை வெளிப்படுவதுண்டு. "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது பெருந்தவறு. வைத்தியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

இரண்டுக்கும் அடையாளம் ஒன்று; பரிகாரமோ நேர் விரோதம். வெகு நாளாய்த் தாழ்ந்திருந்த உப்பை ஒரேயடியாக உயர்த்தினால் மூளைக்குக் கெடுதி நேரும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாதபடி, ரத்தத்தைப் பலமுறை சோதித்துக்கொண்டே வைத்தியர்கள் உயர்த்துகிறார்கள். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்துச் செய்யக்கூடிய காரியமா இது?

வீட்டில் க்ஷயரோகி இருந்தால், அவர் பேச்சையும் விழிப்பையும் கவனித்து வாருங்கள். பேச்சுத் தடுமாறினாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தத்தில் ஸோடியம் எவ்வளவு என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை நல்ல வைத்தியர் எவரும் குற்றமாக நினைக்கமாட்டார்.