எல்லை எங்கே, டாக்டர்?

வில்லியனூர், பாகூர் பக்கம் பைக்கில் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும். இந்த வயல் புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, ரெண்டு வளைவு போனால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்த லட்சணம் அப்படி! நெல்லும் ஒன்று, மண்ணும் ஒன்று. நம் இளைஞர்கள் எல்லையைக் கண்டுபிடிப்பது சாராயக்கடையை வைத்துத்தான்.

மூளைக்கட்டியை எடுக்கிற டாக்டருக்கும் இதே அவஸ்தைதான். அவருக்கு அந்த அடையாளம்கூடக் கிடையாது. க்ளியோமா என்றொரு வகைக் கட்டி, நல்ல மூளைக்குள் வேர்விட்டுப் பரவும். ஓரத்தில் கண்ணால் பார்த்தால் பல சமயம் ரெண்டும் ஒரே மாதிரி. கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் பேச்சோ, கையோ போச்சு. குறைவாக எடுத்தால் கட்டி சீக்கிரம் திரும்பி வரும்.

பாகூர் சித்தப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் கட்டி என்று ஸ்கேன் சொன்னபோது, எல்லாரும் "பிழைப்பாரா?" என்று கேட்டோம். சித்தி மட்டும் "பேச்சு வருமா டாக்டர்?" என்றாள். நியாயம்தான். ஏரித் தண்ணீர்ப் பஞ்சாயத்தில் சித்தப்பா வாயைத் திறந்தால் எதிராளி துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். மனுஷருக்கு அசையாச் சொத்து ஒன்றரைக் காணி, அசையும் சொத்து நாக்கு.

"நேவிகேஷன் வெச்சுப் பண்றோம்மா. போன்ல வழி காட்டுதே, அது மாதிரி" என்றார் டாக்டர்.

"அதை நம்பித்தானே மாப்பிள்ளை போன மாசம் காரை வாய்க்கால்ல எறக்கினாரு!" என்றாள் சித்தி.

விஷயம் இதுதான். முதல் நாளே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள். ஆபரேஷன் மேஜையில் தலையைக் கிளிப் போட்டு அசையாமல் பிடித்து, மூக்கு, நெற்றி, கண்ணோரம் என்று தொட்டுத்தொட்டுப் படத்தையும் தலையையும் பொருத்துகிறார்கள். டாக்டர் கையிலுள்ள கம்பியில் பளபளக்கும் சின்ன உருண்டைகள். அவற்றை ஓர் இன்ஃப்ராரெட் கேமரா ரெண்டு கண்ணால் பார்த்து, கம்பியின் முனை மூளையில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். சில மில்லிமீட்டருக்குமேல் பிசகாது. நடுவே யாராவது கேமராவை மறைத்து நின்றால் மட்டும் படம் நின்றுவிடும், நம் தியேட்டர் மாதிரி.

நம்மவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அவரும், பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணரான கனகா ஆகியோரும் தலையில் உலோகச் சட்டம் மாட்டி, எக்ஸ்ரேயும் அளவுகோலுமாகக் கணக்குப் போட்டே மூளையின் ஆழத்துக்குப் போனார்கள். ஸ்கேன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் தொடங்கிய வேலை! சட்டமில்லாமல் வழிகாட்டும் முறையை அமெரிக்காவில் டேவிட் ராபர்ட்ஸ் குழு 1986-ல் வெளியிட்டது.

ஒரு சிக்கல் பாக்கி. மண்டையைத் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடியும், மூளை அமுங்கும். பாகூர் ஏரியில் மதகைத் திறந்தால் மிதக்கிற தெப்பமும் இறங்குமே, அதுபோல. படமோ நேற்றைய ஏரியைக் காட்டிக்கொண்டிருக்கும்! அதனால் நடுவே அல்ட்ராசவுண்டோ, வசதியுள்ள இடங்களில் எம்.ஆர்.ஐ.யோ மறுபடி எடுக்கிறார்கள். பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் என்றால் ஆளையே எழுப்பிவிட்டு, பேசவைத்துக்கொண்டே வெட்டுகிறார்கள். மூளைக்கு வலி தெரியாது.

சித்தப்பாவை எழுப்பி, மாட்டுப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றார்களாம். "மாடு. கறவை நின்னு போன மாடு" என்றாராம்.

ஓர் இடத்தில் பதில் குழறியதும் டாக்டர் கையை நிறுத்திவிட்டார். அங்கே கொஞ்சம் கட்டி அப்படியே இருக்கிறது. ரேடியேஷன் நடக்கிறது. போன வாரம் ஏரிப் பஞ்சாயத்து எதிராளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "பேச்சு நல்லா வருதா?" என்று ரெண்டு தரம் விசாரித்துவிட்டுப் போனார்.