வீக்கம் வடிந்தால் போதுமா?

காணும் பொங்கல் ஆட்டங்கள் முடிந்த சில வாரங்களில், செய்யூர், இடைக்கழிநாடு பகுதிகளின் கபடி இளைஞர்கள் நொண்டியபடி எங்களிடம் வருகின்றனர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் ஒன்றே. பிடியிலிருந்து விடுபடக் காலை ஊன்றித் திரும்பியபோது முழங்காலுக்குள் ‘டப்’ என்ற ஓசை. சில மணி நேரத்தில் வீக்கம். சுளுக்கென்று எண்ணெய் இட்டு உருவியிருப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் வீட்டார் நிம்மதி அடைந்திருப்பார்கள்.

அந்த நிம்மதி தவறானது என்பதே எங்கள் கருத்து. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. நம் பேச்சு வழக்கில் ‘ஜவ்வு’ என்னும் ஒரு சொல் இரண்டைக் குறிப்பதும் குழப்பத்துக்குக் காரணம். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் ஒன்று. அவற்றினிடையே மெத்தை போலுள்ள குருத்தெலும்பு மற்றொன்று. முன்னது அறுந்த நிலையில், வீக்கம் வடிந்துவிட்டதென்று களமிறங்கினால், முழங்கால் நழுவும் ஒவ்வொரு முறையும் பின்னதும் கிழியக்கூடும். எங்களிடம் தாமதமாக வருவோரிடம் நாங்கள் காண்பது இந்த இரண்டாம் சேதத்தையே.

மருத்துவர் கையால் முழங்காலை அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டறிவார், எம்.ஆர்.ஐ. அதை உறுதி செய்யும். வலியும் வீக்கமும் மிகுந்த முதல் நாளில் இச்சோதனை தெளிவாக அமையாது. பத்து நாள் கழித்து மீண்டும் வரச் சொன்னால், அலைக்கழிப்பதாக எண்ண வேண்டா.

அறுந்தவர் அனைவருக்கும் அறுவை தேவையில்லை. ஓடித் திரும்பும் ஆட்டங்களை விட்டுவிட்டவருக்குத் தொடைத் தசைப் பயிற்சியே போதுமானதாகலாம். மீண்டும் கபடி ஆட விரும்புவோருக்குப் பெரும்பாலும் புதிய தசைநார் பொருத்த நேரும். அதன்பின் களம் காண ஏறத்தாழ ஒன்பது மாதமாகும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்துடன் வெளியேறிய வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் மல்யுத்தத் தங்கம் வென்றார். அவசரப்படுத்தும் பயிற்சியாளர்கள் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

அறுவை என்றதும் பெற்றோர் 2022 நவம்பரை நினைவுகூர்கின்றனர். ஜவ்வு அறுவைக்குப் பின் சென்னைக் கால்பந்து வீராங்கனை ஒருவர், 17 வயதில், காலையும் பின்னர் உயிரையும் இழந்தார். இறுக்கமான கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டதாக அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது. அதைக் கடிந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அதைக் கண்காணிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். மருந்துக்கும் அடங்காத வலி, மரத்துப்போதல், விரல்கள் குளிர்ந்து வெளிறுதல், அசைக்க இயலாமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர். நள்ளிரவாயினும் செவிலியரை அழையுங்கள். அவர் வந்து பார்த்த பின்பும் வலி தணியாவிடில், மருத்துவரை வரவழைக்கச் சொல்லுங்கள்.